256 ஜிபி எஸ்எஸ்டில இருந்து 1 டிபிக்கு விண்டோஸை அப்படியே தூக்கிட்டு போறது

சி டிரைவ் சிவப்பாயிடுச்சு, புதுசா 1 டிபி எஸ்எஸ்டி வாங்கியாச்சு, ஆனா திரும்ப விண்டோஸ் போட்டு, ஆபீஸ் போட்டு, டேலி போட்டுன்னு உட்கார பொறுமை இல்லன்னா குளோன் பண்றதுதான் வழி, அதாவது பழைய டிஸ்க்க அப்படியே புதுசுல நகல் எடுக்குறது. வாங்குறதுக்கு முன்னாடி உங்க லேப்டாப் ஸ்லாட் எம்.2 சாட்டாவா என்விஎம்இயான்னு (ரெண்டு வகை எஸ்எஸ்டி இணைப்பு) மட்டும் பாத்துக்கங்க, பாக்க ரெண்டும் ஒரே மாதிரி தான் இருக்கும், மாத்தி வாங்கிட்டா டிரைவே தெரியாது. ஒரே ஸ்லாட் தான் இருக்குன்னா புது டிரைவ வெளில இருந்து யுஎஸ்பில மாட்டுறதுக்கு யுஎஸ்பி என்க்ளோஷர்ன்னு ஒரு கூடு வேணும், அதுவும் டிரைவுக்கு பொருந்துற மாதிரி.

முதல்ல முக்கியமான ஃபைல்ஸ தனியா ஒரு காப்பி எடுத்துருங்க. அப்புறம் பிட்லாக்கர், அதாவது டிரைவ பூட்டி வைக்கிற விண்டோஸ் என்கிரிப்ஷன். ஹோம் எடிஷன்ல இதையே டிவைஸ் என்கிரிப்ஷன்னு போட்டிருப்பான், நிறைய பேருக்கு அது ஆன்ல இருக்குறதே தெரியாது. அத ஆஃப் பண்ணி டீகிரிப்ட் முழுசா முடியுற வரைக்கும் விட்ருங்க, 48 இலக்க ரெக்கவரி கீயையும் எழுதி வச்சுக்கங்க. கடைசியா ஷிஃப்ட் கீய அமுக்கிட்டே ஷட்டவுன் குடுங்க, இல்லன்னா ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்னால விண்டோஸ் பாதி தூக்கத்துல தான் இருக்கும், குளோன் பண்றப்ப எரர் அடிக்கும்.

நான் யூஸ் பண்றது குளோன்சில்லாங்குற குளோன் சாஃப்ட்வேர், ஃப்ரீ தான். பென்டிரைவ்ல போட்டு பூட் பண்ணி, டிவைஸ் டு டிவைஸ், பிகினர் மோட், டிஸ்க் டு லோக்கல் டிஸ்க். சோர்ஸ் (பழைய டிஸ்க்) எதுன்னு முதல்ல கேக்கும், டார்கெட் (புது டிஸ்க்) எதுன்னு அப்புறம் கேக்கும். இந்த இடத்துல தான் உயிர் போகும், மாத்தி குடுத்தா காலி டிஸ்க்க எடுத்து உங்க டேட்டா மேல எழுதிரும். நான் ஒரு தடவை நடுராத்திரில தூக்கக் கலக்கத்துல மாத்தி குடுத்துட்டு, கடைசியா கேக்குற 'ஒய்' அடிக்கிறப்ப தான் சைஸ் பாத்து முழிச்சேன். பேர பாக்காதீங்க, சைஸையும் மாடலையும் பாருங்க. சார்ஜர் மாட்டியே இருக்கட்டும்.

முடிஞ்சதும் பழசக் கழட்டிட்டு புதுச மட்டும் வச்சு பூட் பண்ணுங்க. ரெண்டுக்கும் இப்ப ஒரே டிஸ்க் ஐடி, சேத்து மாட்டினா விண்டோஸ் ஒண்ண ஆஃப்லைன் ஆக்கிரும், இல்ல எதுல இருந்து பூட் ஆச்சுன்னே தெரியாம குழம்பிருவீங்க. சாட்டால இருந்து என்விஎம்இக்கு போறவங்களுக்கு ப்ளூ ஸ்கிரீன் வந்தா ஒரு தடவை சேஃப் மோட்ல (அடிப்படை டிரைவர்களோட மட்டும் விண்டோஸ் ஓடுற மோட்) போயிட்டு வாங்க, பல நேரம் அதுலயே சரியாயிடும்.

இப்ப பாத்தா சி டிரைவ் அதே பழைய சைஸ்ல தான் இருக்கும், பதறாதீங்க. டிஸ்க் மேனேஜ்மென்ட்ல மிச்ச இடம் காலியா கடைசில கிடக்கும், ஆனா எக்ஸ்டெண்ட் வால்யூம் அமுக்கவே முடியாம மங்கலா இருக்கும். ஏன்னா பக்கத்துல இருக்குற இடத்த தான் விண்டோஸ் சேக்கும், நடுவுல ரெக்கவரி பார்ட்டிஷன் (விண்டோஸ ரிப்பேர் பண்றதுக்கு ஒதுக்குன பகுதி) நந்தி மாதிரி உக்காந்திருக்கு. பார்ட்டிஷன நகத்துற ஜிபார்ட்டட் லைவ் சாஃப்ட்வேர பென்டிரைவ்ல போட்டு பூட் பண்ணுங்க, டிஸ்க் முழுசா யூஸ் ஆகலன்னு கேட்டா ஃபிக்ஸ் குடுங்க, ரெக்கவரிய இழுத்து கடைசிக்கு தள்ளுங்க, அப்புறம் சிய நீட்டி அப்ளை. அடுத்த பூட்ல டிஸ்க் செக் ஓடினா ஓடட்டும், நடுவுல ஆஃப் பண்ணாதீங்க.

மொத்தமா 931 ஜிபி தான் காட்டும், கடைக்காரர் ஏமாத்தல, கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமா எண்றான், விண்டோஸ் 1024 வச்சு எண்ணுது. பழைய டிரைவ ஒரு வாரமாவது ஃபார்மேட் பண்ணாம வச்சிருங்க.