வீட்டை எதிர்த்துப் போகிறவர்கள் செய்யக்கூடாத தவறுகள்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் நான் நடத்தும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்ததும் சில பெண்கள் தங்கிப் பேசிவிட்டுப் போவார்கள். இந்த வருடம் மட்டும் மூன்று பேர் ஒரே கேள்வியோடு வந்தார்கள். வீட்டில் ஒத்துக்கொள்ளாத ஒருவரைக் கட்டிக்கொள்ளலாமா? போ என்றோ போகாதே என்றோ சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் நான் போனவள். எண்பதுகளின் கடைசியில், ஹிந்தி பேசும் குடும்பத்துப் பையனைக் கட்டிக்கொண்டு போனேன். இன்றைய பிள்ளைகளுக்கு இது ஒரு விஷயமாகவே படாது. இரண்டு பேரும் இந்து, இரண்டு குடும்பமும் கரும்புத் தோட்டத்துக்கு வந்த கூலிக் குடும்பம், அப்புறம் என்ன? அன்று அப்படி இல்லை. அவர்கள் கல்கத்தாவில் கப்பல் ஏறியவர்கள், நாம் மெட்ராஸில் ஏறியவர்கள். நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் அந்த இரண்டு துறைமுகங்களும் எங்கள் தெருவில் எதிரெதிரே நின்றன.

போனது தவறு என்று இன்றும் நான் நினைக்கவில்லை. போன விதத்தில் செய்த தவறுகளுக்குத்தான் முப்பது வருடத்துக்கு மேல் விலை கொடுத்தேன்.

என் பெரிய தவறு, ஒரு விஷயத்துக்காகச் சண்டை போட்டவள் எல்லாவற்றையும் சேர்த்து உடைத்தது. புரட்டாசி மாதம் முழுக்க எங்கள் வீட்டில் கறி கிடையாது. அந்த வருடம் வேண்டுமென்றே மட்டன் பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து உள்ளே கறிக்குழம்பு ஊற்றித் தருவது) வாங்கி வந்து, அம்மா விளக்கேற்றும் நேரத்தில் சமையலறை மேசையில் வைத்துத் தின்றேன். ஆயாவின் பதினாறாம் நாள் கருமாதிக்கு உறவு முழுக்கக் கூடியிருந்தது. அங்கேதான் அப்பாவை எதிர்த்துப் பேசினேன். அவரை மட்டும் பேசியிருந்தால் பரவாயில்லை. கோயில், சடங்கு, பெரியம்மா வளர்த்த முறை எதையும் விடவில்லை. அவரை யாரும் அப்படிப் பேசி அந்தக் கூடம் கேட்டதில்லை. எனக்குச் சாதகமாக இருந்த இரண்டு சித்திகளும் அன்றோடு வாயை மூடிக்கொண்டார்கள். இருபது வருடம் கழித்து அப்பா சொன்னார்: "நீ யாரைக் கட்டினேங்கிறது எப்பவோ ஆறிப்போச்சும்மா. எங்கம்மா கருமாதியில நீ பேசினது ஆறல."

1913இல் இங்கே நடந்ததை நான் வகுப்பில் சொல்லிக்கொடுப்பதுண்டு. அந்த வருடம் மார்ச்சில் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணம் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்புக் கொடுத்தார். ஒரே நாளில் நம் பெண்களின் தாலிக்கு மதிப்பில்லாமல் போனது. ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து தமிழ்ப் பெண்கள் கிளம்பி, அனுமதி இல்லாமல் எல்லை தாண்டி, நியூகாசில் நிலக்கரிச் சுரங்கம் வரை போய்த் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்துச் சிறைக்குப் போனார்கள். வீட்டுப் பெண் வாசல் தாண்டாத காலத்தில் இது எவ்வளவு பெரிய மீறல்! ஆனால் அவர்கள் எப்படிப் போனார்கள் என்று பாருங்கள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனார்கள். காந்தியோடு போராடிய தம்பி நாயுடுவின் மனைவி போனார். தில்லையாடி வள்ளியம்மை தன் தாயோடு போனாள். சிறையில் காய்ச்சல் கண்டு, வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22இல் 16 வயதில் இறந்தாள். சட்டத்தை மீறினார்கள், வழக்கத்தை மீறினார்கள், உறவை உதறவில்லை. நான் செய்தது அதற்கு நேர் எதிர். எனக்குச் சட்டம் ஒரு தடையும் வைக்கவில்லை. நான் உறவை உதறினேன்.

அந்தப் பெண்கள் வாங்கிக் கொடுத்ததை நாம் பயன்படுத்தாமல் விடுவது அடுத்த தவறு. 1914இல் வந்த இந்தியர் நிவாரணச் சட்டம், ஒப்பந்தம் முடிந்தும் இங்கே தங்கிய கூலிகள் மேல் போட்ட மூன்று பவுண்டு வரியை நீக்கியதோடு, நம் திருமணங்களைப் பதிவு செய்யவும் வழி திறந்தது. வீட்டை எதிர்த்துக் கட்டுகிறவர்கள் இன்று என்ன செய்கிறார்கள்? ஏதோ ஒரு கோயிலில் மாலை மாற்றித் தாலி கட்டிக்கொண்டு, "காகிதத்தில் என்ன இருக்கிறது" என்று விட்டுவிடுகிறார்கள். நிறைய இருக்கிறது. கோயிலில் நடந்த திருமணம் அதனால் மட்டும் தென்னாப்பிரிக்காவில் சட்டப்படித் திருமணம் ஆகிவிடாது. நடத்திவைக்கும் குருக்கள் அரசு நியமித்த திருமண அலுவலராக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஹோம் அஃபேர்ஸ் என்ற உள்துறை அலுவலகத்தில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். 2007இல் டர்பன் உயர் நீதிமன்றத்துக்கு விவாகரத்து கேட்டு வந்த ஒரு வழக்கில், பதிவு செய்யாத இந்துத் திருமணத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. அப்புறம் இன்னொரு வழக்கில், உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தைப் பொறுத்தவரை அப்படிப்பட்ட மனைவியும் மனைவிதான் என்று அதே நீதிமன்றம் சொன்னது. அதைச் சொல்ல வைக்க அந்தப் பெண் கணவரின் பெற்றோருக்கு எதிராக வழக்காட வேண்டியிருந்தது. 2021இன் கடைசி நாளில் அரசியலமைப்பு நீதிமன்றம், திருமணம் ஆகாமலேயே நிரந்தரமாகச் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கும் அந்த உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. நல்லதுதான். ஆனால் ஒருவரையொருவர் தாங்கி நிரந்தரமாக வாழ்ந்தோம் என்று நிரூபிக்க வேண்டும். யார் வந்து சாட்சி சொல்வார்கள்? உங்கள் பக்கம் பேச்சுவார்த்தை இல்லை. அவர் பக்கம் உங்களை மருமகளாகவே ஏற்கவில்லை. பதிவு செய்தவளுக்கு ஒரு சான்றிதழ் போதும்.

பதிவு செய்யும்போது சொத்தைப் பற்றியும் பேசிவிடுங்கள். முன்கூட்டியே ஒப்பந்தம் எழுதாவிட்டால் இருவர் சொத்தும் ஒன்றாகிவிடும், கடனும்தான். அந்த ஒப்பந்தத்தை நோட்டரி முன்னால் திருமணத்துக்கு முன்பே எழுத வேண்டும். பிறகு மாற்ற வேண்டுமென்றால் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டும். பெரியவர்கள் பேசி முடிக்கிற கல்யாணத்தில் ஒரு மாமாவாவது இதைக் கேட்பார். ஓடிப்போகிறவளுக்கு அந்த மாமா கிடையாது. அவளே கேட்டுக்கொள்ள வேண்டும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, மெட்ரிக் சான்றிதழ் மூன்றையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். கோபத்தில் "உங்க சொத்து ஒரு காசு வேண்டாம்" என்று எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இனி நான் சொல்வது கொஞ்சம் கசப்பானது. எதிர்த்துப் போனவள் தன் முடிவு தப்பாகிவிட்டது என்று தெரிந்தும் திரும்ப மாட்டாள். எனக்குத் தெரிந்த ஒரு பெண், கணவன் அடிப்பதை ஆறு வருடம் வீட்டுக்குச் சொல்லவில்லை. "நாங்க அப்பவே சொன்னோமே" என்ற ஒரு வாக்கியத்துக்குப் பயந்து ஆறு வருடம். வீட்டை எதிர்த்து எடுத்த முடிவு என்பதால் அது சரியான முடிவாகவே இருந்தாக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. பெற்றோர் பார்த்து வைத்த கல்யாணம் கெட்டால் பழி பத்துப் பேர் மேல் பிரியும். இவளுடையது கெட்டால் முழுப் பழியும் இவள் தலையில். அதனால்தான் வாய் திறப்பதில்லை. 1998ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டப்படி மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். திருமணம் பதிவாகியிருக்க வேண்டும் என்பதில்லை, சேர்ந்து வாழ்ந்திருந்தாலும் போதும். போகும்போதே ஒரு அத்தையிடமாவது, ஒரு அண்ணியிடமாவது கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போங்கள். அவள் கடைசியில் போன் செய்ததும் அப்படி ஒரு அண்ணிக்குத்தான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். வீட்டிலேயே அடி, பூட்டி வைப்பது, கட்டாயக் கல்யாணம் என்றிருந்தால் மரியாதை, விதம் எதையும் பார்க்க வேண்டாம். முதலில் வெளியே வாருங்கள்.

நண்பர்கள் போதும் என்று நினைத்ததும் ஒரு தவறு. முதல் இரண்டு வருடம் போதும்தான். கட்டில் தூக்க வந்தார்கள், பிறந்தநாளுக்கு வந்தார்கள். பத்தாவது வருடத்தில் மகனுக்கு உடம்பு முடியாமல் மருத்துவமனையில் இரண்டு வாரம் படுத்தபோது, இரவு மாற்றி உட்கார ஆள் இல்லை. பத்துத் தெரு தள்ளி என் சொந்தத் தங்கை இருந்தாள். மகனுக்கு அவள் முகம் தெரியாது. சண்டை என்னுடையது, அத்தை மாமா இல்லாமல் வளர்ந்தது அவன்.

கடைசியாக, அவர்கள் முதலில் கூப்பிடட்டும் என்று காத்திருந்தது. அம்மாவும் அப்படித்தான் காத்திருந்தாள் என்று பிறகு தெரிந்தது. பதினொரு வருடம். க்ளேர் எஸ்டேட் சுடுகாட்டில் நான் கடைசி வரிசையில் நின்றேன். அப்பாவோடு பேச ஆரம்பித்தது அதற்கும் வெகு காலம் கழித்துத்தான். இப்போது ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சும்போது பெரியம்மாவுக்குப் போன் போட்டு, அவள் சொல்லச் சொல்ல மாவைக் கரைக்கிறேன். மோரை அம்மா அடுப்பில் இருக்கும்போதே ஊற்றுவாளா, இறக்கிய பிறகா என்று போன வருடம் கேட்டேன். பெரியம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. "உங்கம்மா கைப்பக்குவம் எனக்கு எங்கே தெரியும் கண்ணு" என்றாள்.