எட்டாவது கல்யாணத்தில் காணாமல் போன முதல் கல்யாணம்: பேக்கப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூரில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். சென்ற பங்குனியில் ஒரு போட்டோகிராபர் வந்தார். தோளில் லேப்டாப் பை, கையில் மஞ்சள் துணியில் சுற்றிய 1 டி.பி. ஹார்டு டிஸ்க். அதற்கு முந்தைய வைகாசியில் கோத்தகிரி பக்கம் அவர் எடுத்த கல்யாணம் ஒன்று. ஆல்பத்துக்கான மீதிப் பணத்தைப் புரட்டப் பெண் வீட்டாருக்குப் பத்து மாதம் ஆகிவிட்டது. பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு, "படம் தேர்ந்தெடுக்க எப்போது வரட்டும் தம்பி?" என்று கேட்டிருக்கிறார் பெண்ணின் அப்பா.

லேப்டாப்பில் அந்தக் கல்யாணம் இல்லை. ஆவணியிலேயே இடம் போதாமல் அழித்துவிட்டார். "டிஸ்கில் இருக்க வேண்டுமே அண்ணா, பேக்கப் தினமும் தானாக ஓடுகிறதே" என்றார். ஓடியது உண்மைதான். ஒரு நாளும் தவறவில்லை. தவறாமல் ஓடியதால்தான் படங்கள் போயின என்று அவருக்குப் புரிய வைக்க, பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது.

அந்தக் கணக்கை இங்கேயும் போட்டுவிடுகிறேன். அவர் லேப்டாப்பில் எப்போதும் ஏறக்குறைய 400 ஜி.பி. நிறைந்திருக்கும். ஒரு கல்யாணம் என்றால் 70 ஜி.பி. டிஸ்கின் அட்டையில் 1 டி.பி. என்று போட்டிருந்தாலும் விண்டோஸ் அதை 931 ஜி.பி. என்றுதான் காட்டும். (தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024ஆல் பெருக்குகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று வாரம் ஒருவராவது என்னிடம் சண்டைக்கு வருகிறார்.) முதல் பேக்கப்பில் 400 ஏறியது. அதன் பிறகு ஒவ்வொரு முறையும் லேப்டாப்பில் ஒரு பழைய கல்யாணத்தை அழித்து, ஒரு புதிய கல்யாணத்தை ஏற்றினார். லேப்டாப்பில் அதே 400. டிஸ்கிலோ லேப்டாப்பில் அழித்த கல்யாணமும் இருக்க வேண்டும், புதியதும் ஏற வேண்டும். 470, 540, 610 என்று வளர்ந்து ஏழாவது புதிய கல்யாணத்தில் 890 ஆனது. எட்டாவதுக்கு இடமில்லை. மென்பொருள் தன் வேலையைச் செய்தது: மிகப் பழைய பேக்கப்புகளைத் தள்ளிவிட்டுப் புதியதற்கு இடம் ஒதுக்கியது. தள்ளப்பட்ட அந்தப் பேக்கப்புகளில் மட்டுமே வைகாசிக் கல்யாணம் இருந்தது.

எச்சரிக்கை எதுவும் வரவில்லையே என்றார். வராது. இடம் தேவைப்பட்டால் பழையதை நீக்கு என்ற அமைப்பில் அது ஒரு கோளாறே இல்லை, அன்றாட வேலை. மீட்பு மென்பொருளை ஓட்டிப் பார்த்தேன். முதல் கல்யாணம் இருந்த இடத்தில் எட்டாவது கல்யாணம் உட்கார்ந்திருந்தது.

எனக்குத் தெரிந்து இந்த மலையில் அதிகமாக நடக்கும் தவறு இதுதான். பேக்கப் டிஸ்கைப் பலர் கிடங்காக நினைக்கிறார்கள். கிடங்கில் போட்ட மூட்டை, நாம் எடுக்கும்வரை அங்கேயே கிடக்கும். தானியங்கி பேக்கப்போ கணினியில் இப்போது இருப்பதற்கு ஒரு நகல் எடுத்து வைக்கிறது. கூடவே கொஞ்சம் பழைய நினைவு. கணினியில் ஒரு கோப்பை அழித்த கணத்தில் டிஸ்கில் உள்ள அதன் நகல் இந்தப் பழைய நினைவுக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. அதன் பிறகு அதற்கு நாள் எண்ணப்படுகிறது.

கவாத்து

அந்தப் பழைய நினைவு எப்படித் தேய்கிறது என்பதை இங்கே உள்ளவர்களுக்குச் சொல்வது எளிது. தேயிலைச் செடியைக் கவாத்து செய்வதை, அதாவது கிளைகளை வெட்டிவிடுவதைப் பார்த்திருக்கிறோம். மேக் கணினிகளுக்காக ஆப்பிள் 2007இல் கொண்டுவந்த டைம் மெஷின் என்ற பேக்கப் மென்பொருள் செய்வதும் கவாத்துதான். கடந்த 24 மணி நேரத்துக்கு மணிக்கு ஒரு நகல். கடந்த ஒரு மாதத்துக்கு நாளுக்கு ஒன்று. அதற்கு முன்பெல்லாம் வாரத்துக்கு ஒன்று. இடையில் உள்ளவை வெட்டப்படும். டிஸ்க் நிரம்பினால் மிகப் பழையது முதலில் போகும்.

இதில் யாரும் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. இலைக் கொள்முதல் செய்யும் ஒருவர் காலை பத்து மணிக்கு அன்றைய எடைத் தாளைத் தட்டச்சு செய்கிறார். பிரிண்ட் எடுத்துவிட்டு மாலை நான்கு மணிக்கு அழித்துவிடுகிறார். அன்று இரவு தேடினால் மணிக்கணக்கு நகல்களில் கிடைக்கும். மூன்று நாள் கழித்துத் தேடினால் கிடைக்காமல் போகலாம். அந்த நாளுக்கென்று மிஞ்சும் ஒரே நகல் காலை ஒன்பது மணியினுடையதாகவோ மாலை ஆறு மணியினுடையதாகவோ இருந்தால், அந்த இரண்டிலும் எடைத் தாள் இல்லை. சில மணி நேரமே உயிரோடிருந்த கோப்பு கவாத்தில் தடமில்லாமல் போய்விடும். வாரக் கணக்கிலும் இப்படியே: செவ்வாயன்று பிறந்து வெள்ளியன்று அழிந்த கோப்பு இரண்டு மாதம் கழித்து எங்கும் இல்லாமல் போகலாம்.

விண்டோஸ் 8இல் 2012இல் வந்த ஃபைல் ஹிஸ்டரி என்ற பேக்கப் வசதி வேறு குணம். வழக்கமாக மணிக்கு ஒரு முறை நகல் எடுக்கும். எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும் என்பதற்கு நாம் எதையும் மாற்றாவிட்டால் "என்றென்றைக்கும்" என்று இருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் டிஸ்க் நிரம்பிய நாளில் அது பழையதைத் தள்ளாமல் புதியதை எடுப்பதை நிறுத்திக்கொள்ளும். திரையின் மூலையில் ஓர் அறிவிப்பு வரும். நாம் அதை மூடிவிடுவோம். பழையது போவது ஒரு ஆபத்து என்றால் புதியது சேராமல் போவது அதைவிடப் பெரிய ஆபத்து. இரண்டில் எது நடக்கிறது என்று உங்கள் கணினியில் இன்றே பார்த்துவிடுங்கள்.

பார்க்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். ஃபைல் ஹிஸ்டரி இயல்பாகக் காப்பது டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், படங்கள் போன்ற சில ஃபோல்டர்களை மட்டுமே. நம் ஊரில் பாதிப் பேர் எல்லாவற்றையும் டி டிரைவில் தனியாக ஒரு ஃபோல்டர் போட்டு வைப்பவர்கள். அதை நீங்களாகச் சேர்க்காவிட்டால் அது ஒரு நாளும் டிஸ்குக்குப் போயிருக்காது.

அழித்தும் இடம் வரவில்லை

அடுத்த குழப்பம் நேர் எதிரானது. அழித்தால் தொலைந்துவிடும் என்று பயப்படுபவர்களைவிட, அழித்தும் இடம் வரவில்லையே என்று வருபவர்கள் அதிகம். மேக் கணினியில் 50 ஜி.பி. அழித்திருப்பார்கள், காலி இடம் அசையாது. டைம் மெஷின் கணினிக்குள்ளேயே ஸ்னாப்ஷாட் எனப்படும் தற்காலிக நகல்களை 24 மணி நேரம்வரை வைத்திருக்கும். அழித்த கோப்பு அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு நாள் பொறுத்தால் தானாக விடுபடும். பொறுக்காமல் இன்னும் நான்கு ஃபோல்டர்களை அழித்துவிட்டு மறுநாள் அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

விண்டோஸில் குப்பைத் தொட்டியைக் காலி செய்யும்வரை இடம் வராது; இது எல்லாருக்கும் தெரியும். பென் டிரைவிலிருந்து அழிப்பது வழக்கமாகத் தொட்டிக்குப் போகாமல் நேரே போய்விடும் என்பது பலருக்குத் தெரியாது. ஷிஃப்ட் விசையை அழுத்தி அழிப்பதும் அப்படித்தான். அழித்தது எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் சேமிக்கும்) வகை டிரைவிலிருந்து என்றால் மீட்புக்காக என்னிடம் கொண்டுவருவதில் பெரும்பாலும் பயனில்லை. அழிக்கப்பட்ட இடத்தை அந்த டிரைவ் தானே துடைத்து வைத்துக்கொள்கிறது.

பேக்கப் டிஸ்க் நிரம்பிவிட்டது என்று அதைத் திறந்து, உள்ளே உள்ள ஃபோல்டர்களைக் கையால் அழிப்பது நாமே தேடிக்கொள்ளும் தீமை. பல மென்பொருள்கள் முதல் நாள் முழு நகலும், பிறகு மாறியவற்றை மட்டுமே கொண்ட சிறு நகல்களுமாகச் சங்கிலி போட்டு வைக்கின்றன. நடுவில் ஒரு கண்ணியை உருவினால் அதற்குப் பின்னால் வந்தவை பார்வைக்கு முழுசாக இருக்கும். திறக்க முயன்றால் திறக்காது. குறைக்க வேண்டுமென்றால் அந்த மென்பொருளின் வழியாகவே குறைக்க வேண்டும்.

டிஸ்க் எதிர்பார்த்ததைவிட வேகமாக நிரம்புகிறதா? ஃபோல்டரின் பெயரை மாற்றினீர்களா என்று முதலில் யோசியுங்கள். "கல்யாணம் 2023" என்பதை "2023 கல்யாணங்கள்" என்று மாற்றினால் பல மென்பொருள்களுக்கு அது பழையது அழிந்து புதியது பிறந்த கதை. மொத்தமும் மறுபடி ஏறும். அவுட்லுக் அஞ்சல் கோப்பு போல ஒரே பெரிய கோப்பில் தினமும் சிறிது மாற்றம் வந்தாலும் முழுக் கோப்பும் திரும்பத் திரும்பச் சேரலாம். கணினியில் உள்ள சேமிப்பிடத்தைப் போலக் குறைந்தது இரண்டு மடங்கு டிஸ்க் வேண்டும் என்று ஆப்பிள் சொல்வது இதனால்தான். நம் போட்டோகிராபர் போல அழித்து ஏற்றி அழித்து ஏற்றிப் பிழைப்பவர்களுக்கு அதுவும் போதாது.

கிளவுடில் இருக்கிறது என்ற நம்பிக்கை

இணையத்தில் கோப்புகளை வைக்கும் ஒன்டிரைவும் கூகுள் போட்டோஸும் முதலில் செய்வது ஒத்திசைவு. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். போனில் இடம் போதவில்லை என்று படங்களை அழித்துவிட்டு, "கூகுளில் இருக்கும்" என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, "அழித்து எத்தனை நாள் ஆகிறது அக்கா?" கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படம் தொட்டியில் 60 நாள் இருக்கும், ஆகாதது 30 நாள். கூகுள் டிரைவின் தொட்டி 30 நாள். தனிநபர் ஒன்டிரைவில் 30 நாள், அலுவலக அல்லது பள்ளிக் கணக்கென்றால் 93 நாள். அந்த நாள் தாண்டிவிட்டால் நானும் கையை விரிக்க வேண்டியதுதான். போனில் மட்டும் இடத்தை விடுவிப்பதற்குக் கூகுள் போட்டோஸிலேயே தனி வசதி இருக்கிறது. அதைத்தான் பயன்படுத்த வேண்டும், குப்பைத் தொட்டிப் பொத்தானை அல்ல. தொட்டியில் கிடப்பவையும் இலவச 15 ஜி.பி.யில் கணக்கு என்பதையும் நினைவில் வையுங்கள்; ஜிமெயிலுக்கும் சேர்த்துத்தான் அந்த 15.

மழைக்காலம்

சமவெளியில் எழுதப்படும் பேக்கப் அறிவுரைகளில் எங்கள் ஊர்ச் சங்கடங்கள் இருக்காது. மழை பிடித்தால் கற்பூர மரமோ சீகை மரமோ கம்பியில் சாய்ந்து மின்சாரம் போய்விடும். லேப்டாப்பில் பேட்டரி இருக்கும், தனி மின்சாரம் தேவைப்படும் பெரிய டிஸ்கில் இருக்காது. நகல் எடுக்கும் நடுவில் டிஸ்க் நின்றால் அந்த நகல் அரைகுறை. சில சமயம் டிஸ்கின் கோப்பு அமைப்பே குழம்பும். சிறிய யு.பி.எஸ். ஒன்றில் டிஸ்கையும் இணைத்துவிடுங்கள். பீரோவில் துணியோடு வைக்கும் டிஸ்கில் ஈரம் ஏறும். கேமரா லென்ஸுக்குப் போடும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைப்பது உத்தமம்.

இரண்டாவது நகல் வேறு ஊரில் இருக்க வேண்டும் என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2009 நவம்பர் மண்சரிவுகள் நினைவிருப்பவர்கள் இருக்கிறார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. கணினியும் டிஸ்கும் ஒரே மேசையில் இருந்தால் இரண்டுக்கும் ஒரே விதி. எப்போதும் செருகியே இருக்கும் டிஸ்குக்கு வேறொரு விதியும் உண்டு: கணினியைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் வந்தால் டிஸ்கையும் சேர்த்தே பூட்டும்.

போட்டோகிராபருக்கு நான் சொன்னவை சிலவே. முடிந்த வேலையைப் பேக்கப் டிஸ்கை நம்பி அழிக்காதே. அதற்கென்று பேக்கப் மென்பொருள் தொடாத இரண்டு தனி டிஸ்குகளில் கையால் நகல் எடு. இரண்டிலிருந்தும் பத்துப் படங்களையாவது திறந்து பார். பிறகு லேப்டாப்பில் அழி. அழித்த தேதியை ஒரு நோட்டில் எழுது. அழிந்த கோப்பைப் பேக்கப்பில் தேடும்போது அது இருந்த நாளுக்குப் பின்னோக்கிப் போக வேண்டும், தேதி தெரியாவிட்டால் இருட்டில் துழாவுவதுதான்.

இப்போது அவர் அப்படித்தான் செய்கிறார். ஒரு டிஸ்க் கடையில், மற்றது மேட்டுப்பாளையத்தில் அக்கா வீட்டில். மாதத்துக்கு ஒரு முறை பஸ்ஸில் இறங்கி மாற்றி வைத்துவிட்டு வருகிறார். வைகாசிக் கல்யாணத்தில் மிஞ்சியவை பெண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த படங்கள் மட்டுமே. அவற்றை அஞ்சலட்டை அளவுக்கு மேல் பெரிதாக்க முடியவில்லை. வாங்கிய மீதிப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனாராம். பெண்ணின் அப்பா வாங்கிக்கொள்ளவில்லை. "பேத்திக்குப் பெயர் வைக்கும்போது வந்து எடுத்துக் கொடுத்துவிடு" என்றிருக்கிறார். சென்ற வாரம் கடைக்கு வந்தபோது புதிய டிஸ்கின் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தேன். முதல் வரியில் பெயர் சூட்டு விழா, பக்கத்தில் தேதி, அதன் கீழே சிவப்பு மையில்: "லேப்டாப்பில் இன்னும் அழிக்கவில்லை."