எடையைக் குறைத்தால் ஏறிவிடலாமா? பந்தயச் சைக்கிளுக்கு வரும் பெண்கள் தவிர்க்க வேண்டியவை

2025 ஆகஸ்டில் பிரெஞ்சு வீராங்கனை போலின் ஃபெரான்-பிரெவோ பெண்களுக்கான டூர் டி பிரான்ஸை வென்றதிலிருந்து, என்னிடம் பயிற்சிக்கு வரும் பெண்கள் அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள். சந்தோஷம். ஆனால் அவரிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறார்கள் என்று பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. எங்கள் காலத்துப் பெண்கள் செய்த அதே தவறுகள்தான் மறுபடியும். ஹெல்மெட், டயர் காற்று பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை.

ஒரே சீசனில் எல்லாவற்றுக்கும் ஆசைப்படுவது

2014-இல் ஸ்பெயினின் பொன்ஃபெராடாவில் ரோடு உலகப் பட்டம், 2015 தொடக்கத்தில் சைக்ளோகிராஸ் (சேறு, புல், தடைகள் கொண்ட சுற்றுப் பாதைப் பந்தயம்) உலகப் பட்டம், அதே ஆண்டு அண்டோராவில் மலைச் சைக்கிள் பட்டம். 23 வயதில் ஃபெரான்-பிரெவோ மூன்றையும் ஒரே சமயத்தில் வைத்திருந்தார். புதியவர்கள் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் அவர் ரோட்டில் பின்தங்கினார். மலைச் சைக்கிளில் பாதியிலேயே வெளியேறினார். ஆசை ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன், உடம்பிலும் கோளாறு இருந்தது. ஆனால் பிற்காலத்தில் அவர் திட்டமிட்ட விதத்தைப் பாருங்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், எலன்கூர் குன்றில் மலைச் சைக்கிள் தங்கம் வாங்கும்வரை கவனம் முழுக்க அதில்தான். அதை முடித்துவிட்டுத்தான் ரோட்டுக்கு முழுநேரமாகத் திரும்பினார். மறு ஏப்ரலில் கல் பாவிய சாலைகளில் நடக்கும் ஒருநாள் பந்தயமான பாரி-ரூபேயை வென்றார், ஆகஸ்டில் டூரை.

இறக்கத்தில் பயிற்சி எடுக்காதது

ஏற்றத்தில் மூச்சுமுட்டச் சேர்த்த நேரம் நாலு வளைவில் போய்விடும்.

பட்டினி

என்னை இன்றும் கோபப்படுத்துவது இதுதான்.

கணக்கு எளிது: ஏற்றத்தில் ஒரு கிலோ எடைக்கு எத்தனை வாட் (மிதிக்கும் திறனின் அளவு) என்பதுதான் வேகம். வாட்டைக் கூட்ட வருடங்கள் ஆகும், கிலோவைக் குறைக்கச் சில வாரம் போதும். அதனால் எல்லோரும் சோற்றில் கை வைக்கிறார்கள். முதலில் பலனும் தெரியும். அதுதான் ஆபத்தே.

ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். குளிர்காலம் முழுக்க இரவுச் சாப்பாட்டை விட்டாள். வசந்தத்தில் ஏற்றப் பந்தயங்களில் முன்னால் வந்தாள், வீட்டில் பெருமை. மாதவிடாய் நின்றுபோயிற்று. அவளுடைய அப்போதைய பயிற்சியாளர் அதை நல்ல ஃபார்முக்கு அடையாளம் என்று சொல்லியிருக்கிறார்! கோடையில், நடக்கிற வேகத்தில் சரிந்து விழுந்ததற்கு இடுப்பெலும்பு முறிந்தது. என்னிடம் வந்தபோது அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. இன்னும் எடை குறைக்க வழி கேட்டாள்.

உடம்புக்கு வரும் சாப்பாடு பயிற்சிக்கே சரியாகப் போய்விட்டால், மற்ற வேலைகளை அது ஒவ்வொன்றாக நிறுத்தும். மாதவிடாயை நடத்தும் ஹார்மோன்கள் முதலில் அடங்கும். ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு தேயும். சைக்கிளில் எடையைச் சீட் தாங்குவதால் ஓட்டக்காரிக்குக் கிடைப்பதுபோல எலும்புக்கு அதிர்ச்சி கிடைப்பதில்லை. நம் எலும்பு ஏற்கெனவே பின்தங்கிய நிலையில்தான் இருக்கிறது. இருபதுகளில் சேர்க்க வேண்டிய எலும்பை இழந்தால் பிற்பாடு முழுதாக மீட்பது கடினம். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-லேயே இதற்கு ரெட்-எஸ் (விளையாட்டில் உடம்புக்குத் தேவையான ஆற்றல் போதாமல் போவது) என்று பெயர் வைத்து எச்சரித்தது. இன்னும் ‘சிக்குன்னு இருக்கே’ என்று பாராட்டிக்கொண்டிருக்கிறோம்.

டூருக்காக எடை குறைத்ததை ஃபெரான்-பிரெவோ மறைக்கவில்லை. அது முழுக்க ஆரோக்கியமான நிலை இல்லை, அப்படியே நீடிக்கவும் முடியாது என்றும் அவரே சொன்னார். 33 வயது, பல ஆண்டு அடித்தளம், கூடவே டீமின் ஆட்கள், ஒரே ஒரு இலக்கு. பதினெட்டு வயதுப் பெண் இதில் எடையை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் என்ன ஆகும்?

செய்ய வேண்டியது இதுதான். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராம் அளவுக்குத்தான் இருக்கும், அதனால் பழத்தை மட்டும் நம்பாதீர்கள். இறங்கியதும் சாப்பிடுங்கள், குளித்துவிட்டுப் பார்க்கலாம் என்று இழுக்காதீர்கள். மூன்று மாதம் மாதவிடாய் வரவில்லை என்றால் மருத்துவரிடம் போய் எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். இன்னொன்று: கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு மாதாமாதம் வரும் உதிரப்போக்கு மாத்திரையால் வருவது. ஹார்மோன் சரியாக இருப்பதற்கு அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஒரு காலில் மட்டும் வலு போவதை அலட்சியம் செய்வது

முழு வேகத்தில் மட்டும் ஒரு தொடை மரத்து, ஓய்வெடுத்ததும் சரியாகிறதா? பயத்தினால் வருவது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குனிந்தே மிதிப்பதால் இடுப்புக்குள் காலுக்குப் போகும் தமனி மடங்கித் தடித்துக் குறுகலாம். ஃபெரான்-பிரெவோவுக்கு இது இருந்தது. 2019-இல் அறுவை சிகிச்சை, அதே ஆண்டு கனடாவில் மறுபடியும் மலைச் சைக்கிள் உலகப் பட்டம். மருத்துவரிடம் ஓய்வில் மட்டும் பார்க்க வேண்டாம், கடுமையாக மிதித்த உடனே கணுக்காலில் ரத்த அழுத்தம் அளக்கச் சொல்லுங்கள். படுத்திருக்கும்போது பெரும்பாலும் எல்லாம் சரியாகவே காட்டும்.

ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவது

மேல்மட்டப் பெண்கள் டீம்களுக்கே குறைந்தபட்சச் சம்பளம் 2020-இல்தான் வந்தது, அப்போது ஆண்டுக்கு 15,000 யூரோ. அதற்குக் கீழே உள்ள கான்டினென்டல் டீம்களில் அந்தப் பாதுகாப்பு இல்லை. மலைச் சைக்கிளும் ஓட்ட நினைப்பவர்கள் அதற்கு அனுமதி உண்டா, எந்தக் கம்பெனி சைக்கிளில், காயம் பட்டால் யார் செலவு என்பதை எழுத்தில் வாங்குங்கள்.