சுபாங்கிலிருந்து லங்காவி வரை: சின்ன விமானத்தில் முதல் நீண்ட பயணம்

கோலாலம்பூருக்குப் பக்கத்தில் உள்ள சுபாங் ஓடுபாதையில் ஐம்பது முறை ஏறி இறங்கிப் பழகியவருக்கும், மூக்கை வடக்கே திருப்பி, பின்னால் சுபாங் கண்ணிலிருந்து மறையும் நிமிடத்தில் வயிற்றுக்குள் ஏதோ செய்யும். எனக்கும் செய்தது. அந்த நிமிடத்துக்கு முன்னாலேயே முடித்திருக்க வேண்டிய வேலைகளைத்தான் இங்கே எழுதுகிறேன். தனியார் விமானி உரிமம் வாங்கியவர்களுக்கும், பயிற்சியில் இருப்பவர்களுக்கும் இது. பயிற்சியிலேயே தனியாக 150 கடல் மைல், அதாவது சுமார் 270 கிலோமீட்டர் பறந்து, வழியில் இரண்டு வேறு விமான நிலையங்களில் இறங்கி நின்று வர வேண்டும் என்பது அனைத்துலக விதி, ஆகவே யாரும் தப்ப முடியாது.

எடுத்துக்காட்டுக்கு நான் அடிக்கடி போகும் வழி: சுபாங், பினாங்கு, லங்காவி. விமானம் செஸ்னா 172, பழைய 'N' ரகம். உங்கள் விமானத்தின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அந்த எண்தான் சரி.

1. வரைபடத்தில் கோடு போடுங்கள், அப்புறம் அதை வளையுங்கள்

சுபாங்கிலிருந்து பினாங்குக்கு அளவுகோலை வைத்து நேர்கோடு இழுத்தால் 151 கடல் மைல் வரும். ஈப்போ வழியாகப் போகலாமே, நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் கூடவே வருமே என்று தோன்றும். ஆனால் ஈப்போவிலிருந்து பினாங்குக்கு இழுக்கும் கோடு தைப்பிங்கை ஒட்டிய மலைத்தொடரின் மேலேயே போகிறது. மலேசியாவில் மழைக்குப் பேர் போன ஊர் தைப்பிங். மேகம் மலையில் உட்கார்ந்துவிட்டால் ஒற்றை எஞ்சினோடு அங்கே உங்களுக்கு வேலை இல்லை.

நான் கடற்கரைப் பக்கமாக வளைத்துக்கொள்கிறேன். சுபாங், கோலசிலாங்கூர், சித்தியவான், அங்கிருந்து பினாங்கு. மொத்தம் 153 கடல் மைல்தான், நேர்கோட்டைவிட இரண்டே மைல் கூடுதல் (இனி மைல் என்றால் கடல் மைல்தான்). கீழே தட்டையான செம்பனைத் தோட்டங்கள், வயல்கள், இடப்பக்கம் கடல். வழி தவறினாலும் கரை உங்களைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். சுபாங்கிலிருந்து வெளியேறும் பாதையையும் உயரத்தையும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்தான் சொல்வார், அதை முதல் நாளே வரைபடத்தில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் ஒரு வசதி உண்டு. காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வேறுபாடு தீபகற்பத்தில் கிட்டத்தட்ட சுழியம். வேறு நாட்டில் பறப்பவர்கள் கூட்டிக் கழித்துத் திணறும் கணக்கு நமக்கு இல்லை. காற்றுக்கு மட்டும் திருத்தம் போட்டால் போதும்.

2. மைலை நிமிடமாக்குங்கள்

இதைத்தான் பலர் அரைகுறையாகச் செய்கிறார்கள். மேலே போனபின் மைலால் ஒரு பயனும் இல்லை, கையில் கடிகாரம்தான் இருக்கிறது. வேகம் 105 நாட், அதாவது மணிக்கு 105 கடல் மைல் என்று வைத்துக்கொண்டால் கோலசிலாங்கூர் வரை 22 மைல், ஏறிக்கொண்டே போவதால் 15 நிமிடம். அங்கிருந்து சித்தியவான் 62 மைல், 35 நிமிடம். அப்புறம் பினாங்கு 69 மைல், 39 நிமிடம். ஆக ஒன்றரை மணி நேரம். ஒவ்வோர் இடத்துக்கும் நேராகத் தாளில் ஒரு காலிக் கட்டம் விடுங்கள், உண்மையில் எத்தனை மணிக்கு அங்கே போனீர்கள் என்று எழுத. தொடையில் கட்டிக்கொள்ளும் அட்டையில் பென்சிலால் எழுதுங்கள், பேனா வேண்டாம்.

சித்தியவானுக்குப் போட்டிருந்த 35 நிமிடம் 41 ஆகிவிட்டதா? எதிர்க்காற்று அடிக்கிறது, உங்கள் உண்மை வேகம் 91 நாட்தான். அப்படியே போனால் பினாங்குக்கு 39 அல்ல, 45 நிமிடம். இதைக் கண்டுபிடிக்க எந்தத் திரையும் வேண்டாம். டேப்லெட்டில் வரைபடம் வைத்திருப்பது நல்லதுதான், நானும் வைத்திருக்கிறேன், ஆனால் மலேசிய வெயிலில் கண்ணாடிக்குக் கீழே வைத்த டேப்லெட் சூடேறி அணைந்துவிடும். தாள் அணையாது.

3. நிமிடத்தை லிட்டராக்குங்கள்

பினாங்கிலிருந்து லங்காவிக்குக் கடல் மேல் நேராகப் போனால் 70 மைல். நான் கெடா கரையை ஒட்டிக் கோலக் கெடா வரை போய், அங்கிருந்து கடலைத் தாண்டுகிறேன், 84 மைல், சுமார் 53 நிமிடம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

மொத்தப் பறப்பு 2 மணி 22 நிமிடம். மணிக்கு 32 லிட்டர் என்றால் 76 லிட்டர். இரண்டு முறை கிளம்பி ஏறுவதற்கு 10. லங்காவியில் இறங்க முடியாமல் அலோர்ஸ்டார் போக வேண்டி வந்தால் 13. இவை போக, தொடக் கூடாத இருப்பு. பகல் பறப்புக்கு 30 நிமிட எரிபொருள் மிச்சம் இருக்க வேண்டும் என்பது விதியின் குறைந்தபட்சம். நம் மழைக்கு அது போதாது என்பது என் கருத்து, நான் முழுதாக ஒரு மணி நேரம், 32 லிட்டர் வைக்கிறேன். கூட்டினால் 131. தொட்டியில் பயன்படுத்தக்கூடியது 151 லிட்டர். மீதி 20 லிட்டரில் எதிர்க்காற்றைச் சமாளித்துவிடலாம்.

மணிக்கு 32 லிட்டர் என்பது காற்றோடு கலக்கும் எரிபொருளைச் சரியாகக் குறைத்துப் பறந்தால் மட்டுமே. கலவையைக் குறைக்கும் சிவப்புக் குமிழைத் தொடப் பயந்து, மேலே போயும் முழுக் கலவையோடு பறந்தால் இந்தக் கணக்கு முழுக்கப் பொய்யாகிவிடும்.

அவ்கேஸ், அதாவது சின்ன விமானங்களுக்கான பெட்ரோல், எல்லா விமான நிலையத்திலும் எந்நேரமும் கிடைக்காது. முதல் நாளே போன் போட்டுக் கேளுங்கள்.

4. எடை

நான்கு இருக்கை இருக்கிறது என்பதற்காக நான்கு பேர் போக முடியாது. இந்த ரகத்தின் உச்ச எடை 1043 கிலோ. வெறும் விமானம் 680 கிலோ என்று வையுங்கள். முழுத் தொட்டி எரிபொருள், லிட்டருக்கு 0.72 கிலோ வீதம், 109 கிலோ. மிச்சம் 254. மூன்று பெரியவர்களும் ஆளுக்கொரு சின்னப் பையும், அவ்வளவுதான். பினாங்கிலிருந்து திரும்பும்போது வாங்கும் சாதிக்காய் ஊறுகாய்ப் புட்டிகளையும் தராசில் வையுங்கள்.

5. வானத்துக்கும் ஒரு நேர அட்டவணை உண்டு

நம் பக்கம் மதியத்துக்குமேல் இடிமேகம் கட்டும். ஏறக்குறைய ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, விடியலுக்கு முன்னால் மலாக்கா நீரிணையிலிருந்து 'சுமத்ரா' என்கிற புயல்காற்று வரிசை கரைக்கு வரும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் காலைப் பொழுதுதான் நமக்கு உரியது. எட்டு மணிக்குச் சக்கரம் தரையை விட வேண்டும், பன்னிரண்டுக்குள் விமானத்தைக் கயிற்றில் கட்டியிருக்க வேண்டும். இந்தோனேசியக் காட்டுத்தீப் புகை வரும் மாதங்களில் மேகமே இல்லாமலும் ஒன்றும் தெரியாமல் போகும், அப்போது போகாதீர்கள்.

வானிலை முன்னறிவிப்பில் வரும் நேரம் உலகப் பொது நேரம். எட்டைக் கூட்டினால் நம் நேரம். 0400 என்று போட்டு இடிமழை என்றிருந்தால் அது விடிகாலை இல்லை, நண்பகல் 12. புதியவர்கள் சறுக்குவது இங்கேதான்.

6. திரும்பும் இடத்தைத் தரையிலேயே முடிவு செய்யுங்கள்

ஒருமுறை உறவுக்காரர் கல்யாண விருந்துக்காக மச்சானையும் அக்காவையும் ஏற்றிக்கொண்டு பினாங்குக்குக் கிளம்பினேன். ஆட்கள் வந்து, பசியாறி, பை எடை போட்டு, சக்கரம் எழும்பும்போது மணி 12:10. சித்தியவான் தாண்டும்போது தைப்பிங் மலையிலிருந்து கடல் வரை கரும்பலகை மாதிரி மழை. "இன்னும் அரை மணி நேரம்தானே தம்பி, ஓரமா போயிடலாம்" என்றார் மச்சான். அவரைக் குற்றம் சொல்லவில்லை, அவருக்குத் தெரியாது. தெரிந்த நான் ஆறு நிமிடம் யோசித்துக்கொண்டே நேராகப் போனேன். ஆறு நிமிடம் என்றால் பத்து மைல். கண்ணாடியில் முதல் துளிகள் விழுந்து, கீழே பந்தாய் ரெமிஸ் கரை சாம்பலாகக் கரையத் தொடங்கியபோதுதான் திரும்பினேன். கை நடுங்கியது. ஈப்போவில் இறங்கி, விமானத்தை அங்கேயே விட்டுவிட்டு, பஸ் பிடித்துப் பினாங்கு போனோம். விருந்து முடிந்திருந்தது.

அன்றிலிருந்து தாளின் தலையில் ஒரு வரி எழுதாமல் கிளம்புவதில்லை: "சித்தியவானில் 11 மணிக்குமேல் ஆகிவிட்டாலோ, வடக்கே கரைக்கோடு தெரியாவிட்டாலோ, வலப்பக்கம் ஈப்போ, 31 மைல், 18 நிமிடம்." ஈப்போவிலும் மழை என்றால் வந்த வழியே சுபாங். இதைக் கூட வருபவர்களுக்கும் கிளம்பும் முன்பே வாசித்துக் காட்டிவிடுங்கள். அப்புறம் யாரும் கேட்க மாட்டார்கள்.

7. காலையில் விமானத்தருகே

பயணத் திட்டத்தைப் பதிவு செய்துவிட்டு வாருங்கள். வழக்கமான சோதனைப் பட்டியல் உங்களுக்குத் தெரியும், ஆகவே எரிபொருளைப் பற்றி மட்டும். அரைத்தொட்டியோடு இரவு நின்ற விமானத்தில், நம் ஈரக் காற்றில், தொட்டிக்குள் நீர் கோத்துக்கொள்ளும். இறக்கைக்கு அடியில் சின்னக் கண்ணாடிக் குழாயை அழுத்தி எடுத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். அவ்கேஸ் வெளிர் நீலம். நீர் இருந்தால் அடியில் நிறமில்லாமல், ஒரு முத்து மாதிரி தனியாக உருளும். முத்து வருவது நிற்கும் வரைக்கும் எடுத்துக்கொண்டே இருங்கள். முழுக்குழாயும் நிறமில்லாமல் இருந்தால் அது முழுவதும் நீராக இருக்கலாம், முகர்ந்து பாருங்கள். அப்புறம் ஏணி போட்டு ஏறிக் குச்சி விட்டு அளவு பாருங்கள். விமானத்துக்குள் அளவு காட்டும் எரிபொருள் முள்ளை நம்பி நீண்ட தூரம் போகாதீர்கள்.

8. மேலே

வடமேற்கே போவதால் இரட்டைப்படை ஆயிரத்தோடு 500, நமக்கு 4500 அடி. கட்டுப்பாட்டாளர் வேறு சொன்னால் அதுவே. கால் மணிக்கு ஒருமுறை எரிபொருள், வானொலி, எஞ்சின் முட்கள், திசைமானி, உயரமானி என்று விரல் வைத்துப் பாருங்கள். சுழலும் திசைமானி மெல்ல மெல்ல விலகும், காந்தத் திசைகாட்டியோடு சரிசெய்யாவிட்டால் அது காட்டும் வழியில் போய் நீங்களும் விலகுவீர்கள்.

பாதையை விட்டு விலகிவிட்டால் அறுபதுக்கு ஒன்று என்ற கணக்கு. 60 மைலில் 1 மைல் விலகல் 1 பாகை. 20 மைல் வந்து 2 மைல் இடப்பக்கம் இருந்தால் பிழை 6 பாகை. 6 பாகை வலமாகத் திருப்பினால் பழைய கோட்டுக்கு இணையாக ஓடுவீர்கள், 12 திருப்பினால் இன்னொரு 20 மைலில் கோட்டுக்கே வந்துவிடுவீர்கள்.

இன்னொன்று, நம் வெப்பத்தில் யாரும் எதிர்பார்க்காதது: எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரில் பனி. வெளியே 28 பாகை இருக்கும்போது பனியா என்று கேட்பார்கள். எரிபொருள் ஆவியாகும்போது உள்ளே வெப்பம் 20 பாகைக்குமேல் சரியும், காற்றிலோ ஈரம் சொட்டச் சொட்ட இருக்கிறது. குறிப்பாக இறங்குவதற்காக விசையைக் குறைக்கும்போது. சுழற்சி எண் காரணமில்லாமல் சிறிது சிறிதாக இறங்கினால் கார்புரேட்டர் சூட்டுக் குமிழை முழுதாக இழுங்கள். எஞ்சின் முதலில் இன்னும் மோசமாக இருமும். பயந்து உள்ளே தள்ளிவிடாதீர்கள், உருகிய நீர் எஞ்சினுக்குள் போகிறது, கொஞ்சத்தில் எண் மேலே ஏறும்.

9. பினாங்கு

இரண்டாவது பாலம், கடல் மேல் கிட்டத்தட்ட 17 கிலோமீட்டர் நெடுகக் கிடக்கும் அந்தக் கோடு, தீவைத் தொடும் இடம் பத்து மாவுங். பக்கத்திலேயே பாயான் லெப்பாஸ் ஓடுபாதை. எதிர்க்கரையில் பட்டர்வொர்த் விமானப்படைத் தளம், ஆகவே சொல்லாத பக்கம் திரும்பாதீர்கள், புரியாவிட்டால் மறுபடி கேளுங்கள். பெரிய ஜெட் விமானத்துக்குப் பின்னால் இறங்கச் சொன்னால் அது இறங்கிய பாதைக்கு மேலேயே இருந்து, அது தரை தொட்ட இடத்தைத் தாண்டித் தொடுங்கள். ஓடுபாதை 3 கிலோமீட்டருக்கு மேல், இடம் தாராளமாக இருக்கிறது.

10. கடல்

பினாங்கிலிருந்து வடக்கே போகும்போது வலப்பக்கம் ஜெராய் மலை தனியாக எழுந்து நிற்கும், 1217 மீட்டர், அடியில் சொன்னால் நான்காயிரத்துக்குச் சற்றுக் குறைவு. கடாரம் தேடி வந்த நம் மரக்கலங்களுக்கு இதுதான் அடையாளம். 3500 அடியில் பறக்கும்போது அதன் உச்சி உங்களைவிட உயரம், ஆகையால் கரைப்பக்கமே இருங்கள்.

எஞ்சின் நின்றால் இந்த விமானம் ஒரு மடங்கு உயரத்துக்கு ஒன்பது மடங்கு தூரம் சறுக்கும். 3500 அடியிலிருந்து 5 கடல் மைல். பினாங்கு-லங்காவி நேர்கோட்டின் நடுவில் ஐந்து மைலில் கரையே கிடையாது, அதனால்தான் சுற்றிப் போகிறேன். கோலக் கெடாவில் 6500 அடிக்கு அனுமதி கேளுங்கள், 9 மைலுக்குமேல் கிடைக்கும், கீழே லங்காவிப் படகுகள் ஓடும் வழியும் இருக்கிறது. உயிர்காப்பு உடுப்பைப் பினாங்கிலேயே எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள், இருக்கைக்குக் கீழே இருந்து பயனில்லை. விமானத்துக்குள் இருக்கும்போது காற்று ஏற்றக் கூடாது, மிதந்து கூரையில் ஒட்டிக்கொள்வீர்கள், கதவு வழியாக வெளியே வர முடியாது என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

லங்காவியில் இறங்கி, விமானத்தைக் கட்டியதும், கடற்கரைக்கு ஓடும் முன் மறுபடி ஏணி போட்டு ஏறித் தொட்டியில் குச்சி விடுங்கள். 86 லிட்டர் செலவாகும் என்று கணக்கு போட்டிருந்தோம். 94 ஆகியிருந்தால், தாளின் அடியில் தேதியோடு அந்த எண்ணை எழுதுங்கள். திரும்பிப் போகும் கணக்கை அந்த எண்ணை வைத்துப் போடுங்கள்.