முட்செடியில் நின்றது யார்? எபிரெய வேதத்தை வாசிக்கையில் வழுக்கும் இடங்கள்

யாத்திராகமம் 3ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். இரண்டாம் வசனத்தில், எரியும் முட்செடியில் மோசேக்குத் தரிசனமாவது கர்த்தருடைய தூதனானவர். நான்காம் வசனத்தில், அதே செடியிலிருந்து "மோசே, மோசே" என்று கூப்பிடுவது தேவன். இடையில் ஆள் மாறியதாக ஒரு வார்த்தையும் கிடையாது.

உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவதுதான் இங்கே நடக்கிற முதல் தவறு. "அது வெறும் தூதன்" என்பார் ஒருவர், "இல்லை, கடவுளேதான்" என்பார் இன்னொருவர். தமிழில் வாசிக்கிற நமக்கு இன்னொரு சறுக்கலும் காத்திருக்கிறது. 'தூதனானவர்' என்ற மரியாதை விகுதியைப் பார்த்ததுமே இவர் சாதாரணத் தூதர் இல்லை என்று மனம் முடிவுகட்டிவிடும். எபிரெயத்தில் இருப்பது 'மலாக்' என்ற சொல் மட்டும்தான். சேதி கொண்டுபோகிற ஆள் என்று பொருள். ஆதியாகமம் 32இல் யாக்கோபை வழியில் சந்திப்பவர்களும் மலாக்குகள். சில வரி தள்ளி, யாக்கோபு தன் அண்ணன் ஏசாவிடம் அனுப்புகிற ஆட்களும் மலாக்குகள். ஆக, 'ஆனவர்' என்பது மொழிபெயர்த்தவர்கள் எடுத்த முடிவு. அது தப்பு என்று சொல்லவில்லை. மூலத்தில் இல்லாதது என்று தெரிந்து வாசித்தால் போதும்.

ஆபிரகாம் கூடாரம் போட்டிருந்த மம்ரேயிலும் இதே கதைதான். கர்த்தர் தரிசனமானார் என்று ஆதியாகமம் 18ஆம் அதிகாரம் தொடங்குகிறது. ஆபிரகாம் கண்ணை ஏறெடுத்துப் பார்த்தால் நிற்பது மூன்று புருஷர். வெண்ணெய், பால், கன்றுக்குட்டிக் கறி என்று விருந்து நடக்கிறது. 19ஆம் அதிகாரத்தில் சோதோமுக்குப் போய்ச் சேருகிறவர்கள் இரண்டே பேர். கிறிஸ்தவ மரபில் பலர் இங்கே திரித்துவத்தை, அதாவது ஒரே கடவுள் மூவராக இருப்பதை, கண்டார்கள். 11ஆம் நூற்றாண்டு யூத உரையாசிரியர் ராஷியோ, மூவரும் தூதர்கள், ஆளுக்கொரு வேலை என்றார்: ஒருவர் சாராளுக்கு நற்செய்தி சொல்ல, ஒருவர் ஆபிரகாமைக் குணமாக்க, ஒருவர் சோதோமைக் கவிழ்க்க. இரண்டுமே விளக்கங்கள். விளக்கத்தை வசனம் என்று எண்ணிக்கொண்டால்தான் சிக்கல்.

அப்புறம் முகம். யாத்திராகமம் 33:11இல் கர்த்தர் மோசேயோடு முகமுகமாய்ப் பேசுகிறார், ஒருவன் தன் சிநேகிதனோடு பேசுவதுபோல. ஒன்பதே வசனம் தள்ளி, என் முகத்தைக் கண்டு எந்த மனுஷனும் உயிரோடிருக்க முடியாது என்கிறார். முரண்பாடு என்று குதிக்கவும் வேண்டாம், மூடி மறைக்கவும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவே, 14ஆம் வசனத்தில், "என் சமுகம்" கூட வரும் என்று ஒரு வாக்கு இருக்கிறது. அங்கேயும் எபிரெயத்தில் முகம் என்ற சொல்தான். நேருக்கு நேர் பேசுவது, கூடவே வருவது, கண்ணால் காண்பது மூன்றுக்கும் அந்த ஒரே சொல் போகிறது.

எனக்குப் பிடித்த தவறு, ஓரேப் மலைக் குகையில் தங்கிய எலியா தீர்க்கதரிசியின் கதையில் வருவது (1 இராஜாக்கள் 19). பெருங்காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி எதிலும் கர்த்தர் இல்லை. பிறகு 'அமர்ந்த மெல்லிய சத்தம்'. இதை வைத்து, கடவுள் எப்போதும் மென்மையாகத்தான் பேசுவார், உள்ளுக்குள் கேட்டால் போதும் என்று பிரசங்கம் செய்வார்கள். அதே ஓரேபில்தான் மோசே காலத்தில் இடி, புகை, தீ எல்லாவற்றோடும் கர்த்தர் இறங்கினார். அந்த நாளைப் பற்றி உபாகமம் 4:12 சொல்வதும் கவனிக்க வேண்டியது: சத்தம் கேட்டது, ரூபம் எதுவும் தெரியவில்லை.

அந்த 'மெல்லிய சத்தம்' எபிரெயத்தில் இன்னும் விசித்திரமானது. கோல் என்றால் குரல், தெமாமா என்றால் அமைதி, தக்கா என்றால் மெலிந்தது. பார்வோன் கனவில் வந்த, மணி பிடிக்காமல் சாவியான கதிர்களுக்கும் இந்தக் கடைசிச் சொல்தான். மெலிந்துபோன அமைதியின் குரல்! கேட்டதா, கேட்கவில்லையா என்று சொல்ல முடியாத ஒன்று. எலியா சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு குகை வாசலுக்கு வருகிறார். அங்கே வருகிற கேள்வி, காற்று வீசும் முன்பே குகையில் கேட்ட அதே கேள்வி: எலியாவே, உனக்கு இங்கே என்ன வேலை? அவர் சொல்லும் பதிலும் அட்சரம் பிசகாமல் பழைய பதிலே. அதற்குப்பின் வருவது ஆறுதல் இல்லை, வேலைப் பட்டியல்: ஆசகேலையும் யெகூவையும் ராஜாக்களாக, எலிசாவை உன் இடத்தில் தீர்க்கதரிசியாக அபிஷேகம் பண்ணு. இந்தப் பகுதியை நம் பிரசங்கங்கள் வசதியாக விட்டுவிடும்.

பைபிள் காலத்தில் கடவுள் தினமும் பேசிக்கொண்டே இருந்தார் என்ற நினைப்பும் சரியில்லை. சாமுவேல் சிறுவனாக இருந்த நாட்களில் கர்த்தருடைய வசனம் அபூர்வமாயிருந்தது என்று சாமுவேலின் புத்தகமே சொல்கிறது. அதனால்தான் கர்த்தர் கூப்பிட்டபோது, கூப்பிட்டது ஆசாரியர் ஏலி என்று நினைத்து, பையன் மூன்று தடவை அந்தக் கிழவரிடம் ஓடினான். எபிரெய எஸ்தர் புத்தகத்தில் கடவுளின் பெயரே வராது.

கடைசியாக, கடவுளைக் கண்டவன் செத்தான் என்பதை மாறாத சட்டமாக நினைப்பது. சாராளின் அடிமைப்பெண் ஆகார் கண்டாள், பிழைத்தாள். நியாயாதிபதிகள் 13இல், பிள்ளை பிறக்கும் என்று சொல்ல வந்த தூதன் பலிபீடத்து ஜுவாலையிலேயே மேலே ஏறிப்போனதும், சிம்சோனின் தகப்பன் மனோவா நடுங்கிப்போய், தேவனைக் கண்டோம், சாகவே சாவோம் என்கிறான். கதையில் பெயரே சொல்லப்படாத அவன் மனைவி யோசித்துப் பதில் சொல்கிறாள்: நம்மைக் கொல்ல நினைத்திருந்தால் நம் கையிலிருந்து பலியை வாங்கியிருப்பாரா, இதையெல்லாம் நமக்குச் சொல்லியிருப்பாரா?