கருப்பு வெள்ளையைப் பார்த்து வயசு சொல்லாதீர்கள்

இங்கிலாந்தின் செஸ்டருக்குப் போகிறவர்கள் தவறாமல் எடுக்கும் படம் ஒன்று உண்டு. ஈஸ்ட்கேட் தெருவும் பிரிட்ஜ் தெருவும் சேரும் முனையில், வெள்ளைச் சுவரில் கருப்பு மரச்சட்டம் போட்ட உயரமான கடைக் கட்டடம். டியூடர் காலத்தது, அதாவது பதினாறாம் நூற்றாண்டு வாக்கிலானது என்று எழுதிப் பகிர்ந்துவிடுகிறார்கள். அது 1888-இல் கட்டடக் கலைஞர் டி. எம். லாக்வுட் வடிவமைத்தது. விக்டோரியா காலத்தில் பழைய பாணிக்குத் திரும்ப மவுசு வந்து, கடைத்தெரு முழுக்க இப்படிக் கட்டினார்கள். மரத்துக்குக் கரேலென்று கருப்புப் பூசுவதும் பெரும்பாலும் அந்தக் காலத்தில் பரவிய பழக்கம்தான்.

சரி, பொறித்திருக்கும் வருஷத்தை நம்பலாமா? அதுவும் ஆபத்து. வாட்டர்கேட் தெருவில் காட்ஸ் பிராவிடன்ஸ் ஹவுஸ் இருக்கிறது, உத்திரத்தில் 1652 என்று செதுக்கியிருக்கும். ஆனால் 1862-இல் கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் ஹாரிசன் அதை ஏறக்குறைய முழுக்கத் திரும்பக் கட்டினார், பழைய மரத்தில் கொஞ்சம்தான் மறுபடி சேர்ந்தது.

அதற்காக "எல்லாம் போலி" என்று உதறிவிட்டு வராதீர்கள், இது அதைவிடப் பெரிய தவறு. லாக்வுட் தன் கட்டடத்துக்குள்ளும், கடைகளுக்கு முன்னால் மேல்மட்டத்தில் ஓடும் பழைய மாடி நடைபாதையை அறுக்காமல் விட்டிருக்கிறார், அந்த மரியாதையை நாம் கவனிக்க வேண்டாமா?

எனக்கு மனசே ஆறாதது, தெருமட்டத்தில் மட்டும் நடந்துவிட்டுத் திரும்புவது. செஸ்டரின் பெருமையே 13-ஆம் நூற்றாண்டிலிருந்து வரும் 'ரோஸ்', அதாவது தெருவிலிருந்து படியேறினால் கடை கடையாகத் தொடரும், கூரை போட்ட மாடி நடைபாதை. கீழேயும் பாருங்கள். பிரிட்ஜ் தெரு கூப்பர் ஹவுஸின் முகப்பில் 1664 என்றிருக்கிறது, ஆனால் அடியிலுள்ள கல் வளைவு அறை அதைவிடப் பல நூற்றாண்டு மூத்தது. இதே கதைதான் பளிச்சென்ற செங்கல் முகப்புகளுக்கும், பல இடங்களில் அவற்றின் முதுகுக்குப் பின்னால் பழைய மரக்கட்டு அப்படியே நிற்கிறது.

அப்புறம், மாடி நடைபாதைக்கும் தெருப்பக்கக் கைப்பிடிக்கும் நடுவில் ஒரு சாய்வான பலகை மேடை வரும், பலர் அதை உட்காரும் திண்ணை என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். கொஞ்சம் நின்று பாருங்கள். கீழ்க்கடைக்குள் நுழைகிறவர் தலை இடிக்காமலிருக்க அந்த இடத்தில் தளத்தைத் தூக்கியிருக்கிறார்கள், தூக்கிய சரிவின் மேல் சரக்கைப் பரப்பி வியாபாரம் பார்த்திருக்கிறார்கள்.