மேய்ச்சல் நாய்க்குச் சோறு வைப்பதில் நடக்கும் தவறுகள்

பார்டர் கோலி, ஜெர்மன் ஷெப்பர்ட், கெல்பி போன்ற மேய்ச்சல் இன நாயை வாங்கியதும், "ஓடியாடுகிற இனமாச்சே, நன்றாகத் தின்னட்டும்" என்று கிண்ணத்தை நிரப்பிவிடுகிறோம். மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. 20 கிலோ நாய் சும்மா படுத்துக் கிடந்தாலே ஒரு நாளைக்குச் சுமார் 660 கிலோகலோரி செலவாகும். கருத்தடை செய்து, காலை மாலை நடை மட்டும் போகிற நாய்க்கு 1,050 அளவில் போதும். அதே நாய் பகல் முழுக்க மந்தையோடு ஓடினால் 2,000-ஐத் தாண்டலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மைதானத்தில் ஓடும் நாய்க்கு வாரம் முழுக்க இந்த மூன்றாவது கணக்கில் வைத்தால் என்ன ஆகும்?

குட்டியில் செய்யும் தவறுக்குத்தான் விலை அதிகம். எலும்பு உறுதியாகட்டும் என்று கால்சியம் மருந்து ஊற்றுகிறார்கள். இளங்குட்டியின் குடலுக்கு வேண்டாத கால்சியத்தைத் தடுத்து நிறுத்தத் தெரியாது. கொடுத்ததில் பெரும்பகுதி உடம்பில் ஏறிவிடும். ஜெர்மன் ஷெப்பர்ட் போல வேகமாக வளரும் பெரிய இனங்களில் இதனால் எலும்பும் மூட்டும் கோணலாக வளரக்கூடும். குட்டிகளுக்கென்றே தயாரித்த முழுமையான உணவில் கால்சியமும் பாஸ்பரஸும் சரியான விகிதத்தில் இருக்கும். அதற்கு மேல் ஊற்றுவது உதவி இல்லை, உபத்திரவம். கொழுகொழுவென்று வளர்ப்பதும் அப்படித்தான். பிஞ்சு மூட்டுகள்தான் அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டும். நான்கு மாதம் வரை தினம் மூன்று நான்கு வேளை, ஆறு மாதத்துக்கு அப்புறம் இரண்டு வேளை என்று பிரித்து வையுங்கள்.

வளர்ந்த நாய்க்கு அளவு சரியா என்று பார்க்க உங்கள் கை போதும். முஷ்டியை மடக்கி விரல் முட்டிகளைத் தடவுங்கள்: விலா அப்படித் தட்டுப்பட்டால் நாய் மெலிவு. கையை விரித்து உள்ளங்கையின் சதையை அழுத்துங்கள்: அப்படி இருந்தால் கொழுப்பு. விரித்த புறங்கையில் எலும்புகள் எப்படிப்படுகின்றனவோ, விலாவும் அப்படிப்பட வேண்டும். அடர்ந்த ரோமமுள்ள கோலியைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யவே முடியாது, குளிப்பாட்டும்போதுதான் உண்மை தெரியும்! 48 லேப்ரடார்களை வாழ்நாள் முழுக்கக் கவனித்த ஆய்வு 2002-இல் வெளியானது. 25 சதவீதம் குறைவாக உண்டவை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன; மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. மேய்ச்சல் இனம் இல்லைதான், ஆனாலும் மூட்டை நம்பிப் பிழைக்கிற நாய்க்கு இது பொருந்தாமல் போகாது.

கப்பால் அளப்பதையும் விட்டுவிடுங்கள். ஒரே கப்பை மூன்று முறை நிரப்பித் தராசில் வைத்துப் பாருங்கள், மூன்று எடை காட்டும். பயிற்சியின்போது கொடுக்கும் ட்ரீட்டையும் அன்றைய கணக்கில் சேருங்கள். மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கருத்தடைக்குப் பின் பசி கூடும், தேவையோ குறையும். பழைய அளவையே தொடர்ந்தால் சில மாதங்களில் இடுப்பு மறைந்துவிடும்.

வயிறு முட்டத் தின்ற நாயை உடனே ஓட விடாதீர்கள். ஆழ்ந்த மார்புள்ள ஷெப்பர்டுகளுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு, சில மணி நேரத்திலேயே உயிர் போகலாம். வேலைக்கு முன் பெரிய தீனி வேண்டாம். வேலை முடிந்து மூச்சிரைப்பு அடங்கியதும் வைக்கலாம். தண்ணீர் மட்டும் நடுநடுவே கொஞ்சம் கொஞ்சமாகத் தரலாம். உணவு வகையை மாற்றுவதானால் ஏழு முதல் பத்து நாளில், பழையதோடு கலந்து மாற்றுங்கள்.

நாய்க்கு வயதானதும் புரதத்தைக் குறைக்க வேண்டும் என்ற பழைய நம்பிக்கை இன்னும் போகவில்லை. சிறுநீரகக் கோளாறு இருக்கிறது, குறையுங்கள் என்று மருத்துவர் சொன்னால் சரி. அப்படி ஒன்றும் இல்லாத கிழட்டு நாய்க்குப் புரதத்தைக் குறைத்தால் தொடைச் சதைதான் கரையும். ஓட்டம் நின்றதால் குறைய வேண்டியது கலோரி. மாதம் ஒருமுறை எடை பாருங்கள். கிண்ணத்தை முகர்ந்துவிட்டு விலகிப் போனால், ருசி பிடிக்கவில்லை என்று வேறு பாக்கெட் வாங்க ஓடாமல், உதட்டைத் தூக்கி முதலில் பல்லைப் பாருங்கள்.